எலி நெஞ்சு

அத்தியாயம் 9

போன வாரம் சௌயிங்கை எந்த நாற்காலியில் விட்டுவிட்டு வந்தோமோ, அதே நாற்காலியில்தான் இன்னும் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது. மேசைமேல் விடிவெள்ளி என்ற சீன நாளேட்டின் சனிக்கிழமை இதழ், ஏழாம் பக்கம் விரிந்து கிடந்தது.

மகள் மேவிஸ் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அமெரிக்காவில் வெளிவந்து ஒன்றரை வருடமாகிறது. வெள்ளைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பரிசுகூடக் கிடைத்தது. சௌயிங்குக்கு ஆங்கிலம் படிக்க வராது. வராவிட்டால் என்ன, பழைய தையல் ஆலைத் தோழிகள் அத்தனை பேருக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். பின்னட்டையில் இருந்த மகளின் படத்தைக் கறிக்கடைக்காரனுக்குக்கூடக் காட்டினாள். அந்தப் பெருமையெல்லாம், நாளேடு அந்த நாவலைச் சீனத்தில் தொடராகப் போட ஆரம்பிக்கிற வரைக்கும்தான்.

இது எட்டாவது வாரம். கதையில் ஓர் அம்மா வருகிறாள். தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். இஞ்சியைத் தட்டுகிற கையாலேயே பிள்ளையையும் தட்டுகிறாள். அதுகூடப் போகட்டும், தட்டியது உண்மைதான். ஆனால் அந்த அம்மா மகளை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எலி நெஞ்சு என்றுதான் கூப்பிடுகிறாள். பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். எழுப்பும்போது எலி நெஞ்சு, சோற்றுக்குக் கூப்பிடும்போது எலி நெஞ்சு. இந்த வாரம் பள்ளிக்கூட வாசலில், எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, எலி நெஞ்சு. அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாமல்தான் கதையில் வரும் பெண் வீட்டை விட்டுப் போகிறாள். பொய்யென்று காட்டுவதற்காகவே எதற்கும் அஞ்சாதவளாக வளர்கிறாள். தொடருக்குத் தலைப்பே அதுதான்.

"நான் எப்பங்க அவள அப்படிக் கூப்பிட்டேன்?" என்று கணவர் ஹோய்சிங்கைக் கேட்டாள்.

ஹோய்சிங் நாற்பது வருடம் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுப்புச் சத்தத்தில் பாதிச் செவி போய்விட்டது. மீதிச் செவியை அவர் தமக்கு வேண்டியபோது மட்டும் பயன்படுத்துவார்.

"கதைன்னா நாலு கூட்டித்தான் எழுதுவாங்க. கஞ்சியக் குடி" என்றார்.

பதிலை ஆஃபூன் கொண்டுவந்தாள், தொலைபேசியில். ஆஃபூனும் சௌயிங்கும் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்தவர்கள். ஆஃபூனுக்கு இங்கே பிறந்த இரண்டு பெண்கள் உண்டு. இரண்டு பேரும் மேவிஸின் புத்தகத்தைப் படித்து அழுதவர்கள்.

"நீ மனசுல வச்சுக்காத, யிங் அக்கா" என்று ஆரம்பித்தாள். "இங்க பொறந்ததுங்க எழுதுற கதையில எல்லாம் அம்மான்னா கையில வெட்டுக்கத்திதான். அப்பான்னா பேப்பருக்குப் பின்னாடி ரெண்டு செருப்பு. கடைசியில யாராச்சும் சாகணும். அப்பத்தான் வெள்ளைக்காரன் அழுவான்."

சௌயிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. எலி நெஞ்சு என்று தான் சொன்னதே இல்லையே என்றாள். 

ஆஃபூன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என் பெரியவளக் கேட்டேன். இங்கிலீஷ் புத்தகத்துல எலியும் இல்ல, நெஞ்சும் இல்லையாம். நீ கூப்பிடுவியே அதேதான். கோழிப்பீ. அத அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா இந்த ஊர்ல பயந்தாங்கொள்ளின்னு அர்த்தமாம், அக்கா. பள்ளிக்கூடத்துப் பசங்க சண்டையில வையிற வார்த்தையாம். மொழிபெயர்த்தவர் நல்லவரு, நாகரிகமா எழுதிட்டாரு."

சௌயிங் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோழிப்பீ. அவள் மொழியில் கைஸீ. ஆமாம், அப்படித்தான் கூப்பிட்டாள். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து கூப்பிட்டாள். மேவிஸுக்கு வைலான் என்று அழகான சீனப் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதை ஒரு நாளும் வாயால் உச்சரிக்காமல், கோழிப்பீ, இங்க வா, கோழிப்பீ, பால் குடி என்றாள். யார் வந்து குழந்தையைப் பார்த்து அழகு என்றாலும், ஐயே, இதுவா, குப்பையில கிடந்தது, பொறுக்கிட்டு வந்தேன் என்பாள். ஊரில் பிள்ளை தங்காத வீடுகளில் எல்லோரும் செய்கிற காரியம்தான். நாறுகிற பெயராக வைத்தால், பிள்ளை பிடிக்க வருவது மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்த வீட்டுப் பிள்ளை என்னவாகும் என்று கேட்காதீர்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் நியாயம் பேச முடியாது.

முதல் பிள்ளைக்கு அவள் நல்ல பெயர் வைக்கிற தப்பைச் செய்தாள். ஹாங்காங்கில், அமெரிக்காவுக்குப் போக அனுமதித் தாள் வருமா வருமா என்று காத்திருந்த ஒற்றை அறையில் பிறந்தவள். மிங்ச்சூ என்று பெயர். ஒளிவிடும் முத்து. சௌயிங்குக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சந்தில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, என் முத்தைப் பாருங்கள் என்று காட்டினாள். பதினோரு மாதத்தில் காய்ச்சல் வந்தது. இரண்டே நாள்.

ஹோய்சிங் அந்தக் குழந்தையைப் பார்த்ததே இல்லை. மனைவி கருவுற்றிருந்தபோதே கப்பல் ஏறி இங்கே வந்துவிட்டவர். மனைவியை வரவழைக்க அவர் விண்ணப்பம் எழுதியபோது குழந்தை பிறக்கவில்லை. ஆகவே தாளில் குழந்தை இல்லை. மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். சீருடைக்காரன் என்ன கேட்டாலும், தாளில் இல்லாததை இல்லை என்று சொல்லிவிடு. யோசிக்காதே, யோசித்தால் பிடித்துவிடுவான். அந்த வரியை அவள் மனப்பாடம் செய்தாள்.

பிள்ளையைப் புதைத்த இருபத்தாறாம் நாள் நேர்காணல். மார்பில் பால் வற்றவில்லை. உள்ளே துணி மடித்து வைத்துக்கொண்டு போயிருந்தாள். குழந்தைகள் உண்டா என்று சீருடை போட்ட அதிகாரி கேட்டார். இல்லை என்றாள். கொஞ்ச நேரம் வேறு என்னென்னவோ கேட்டுவிட்டுத் திரும்பவும் கேட்டார். இல்லை. மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும் அவள் வாய் யோசிக்கவில்லை.

அதற்கப்புறம் இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. முப்பத்தொன்பது வருடம்.

சௌயிங் அலமாரியிலிருந்து தாள் எடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் திரு. க்வான் அவர்களுக்கு, என்று ஆரம்பித்தாள். நீங்கள் எழுதிய சொல் தவறு, மூலச்சொல் இன்னது என்று இரண்டு வரியில் முடித்துவிடத்தான் நினைத்தாள். பேனா நிற்கவில்லை. ஏன் அந்தப் பெயர் என்று எழுதும்படி ஆயிற்று. யாருக்குப் பிறகு அந்தப் பெயர் என்று எழுதும்படி ஆயிற்று. முதல் தடவையாக அந்தப் பெயரின் இரண்டு சீன எழுத்துகளை, முத்தையும் ஒளியையும், தன் கையால் தாளில் போட்டாள். கண்ணீர் பட்டு ஒளி கொஞ்சம் கலைந்துவிட்டது. கீழே தன் பெயரைப் போடவில்லை. மிங்ச்சூவின் அம்மா என்று போட்டாள். உறையின் பின்பக்கமும் அப்படியே எழுதினாள்.

"யாருக்குக் கடுதாசி?" என்றார் ஹோய்சிங்.

"பேப்பர்க்காரங்களுக்கு."

"யாரும் நம்மள எதுவும் கேக்கலியே."

"அதான்" என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கினாள். கிளே தெரு முனையில் இருக்கும் தபால் பெட்டியின் வாயைத் திறந்து கடிதத்தை உள்ளே தள்ளினாள். மனசு இலேசாகிவிட்டது. இன்று மத்தியானம் நூலகத்தில் மகள் தன் நாவலை வாசிக்கிறாள், அங்கே அவளையும் நேரில் பார்க்கப் போகிறாள். கடிதம் எழுதிய கை சூடாக இருக்கும்போதே, வாயாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

*

நூலக மாடிக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. தொடர் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள் போலிருந்தது. கதையில் வரும் அம்மா எப்படி இருப்பாள் என்று பார்க்கிற ஆசை, வேறென்ன. சௌயிங் நீலச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகில் ஊசி ஊசியாகப் பார்வைகள் குத்தின. ஹோய்சிங் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அவருக்கு எங்கேயும் கடைசி வரிசைதான் பிடிக்கும்.

மேவிஸ் ஆங்கிலத்தில் வாசித்தாள். முப்பத்தாறு வயது, கட்டை முடி, தெளிவான குரல். பக்கத்தில் க்வான் நின்று ஒவ்வொரு பத்தியையும் சீனத்தில் சொன்னார். ஒல்லியான மனிதர், முன்னாள் பள்ளி ஆசிரியர், எதையும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் கண்ணிலேயே இருந்தது. எலி நெஞ்சு என்று அவர் சொல்லும் போதெல்லாம் நாலு பேர் திரும்பி சௌயிங்கைப் பார்த்தார்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுந்து, அவ்வளவு அன்பில்லாத தாயை நீங்கள் மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டாள். க்வான் அதை மொழிபெயர்க்கவில்லை. கூடத்தில் பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது, சௌயிங்குக்கும் முகங்களைப் பார்த்தே புரிந்துவிட்டது. மேவிஸ் தண்ணீர் குடித்தாள். இது கதை என்றும், இதில் வரும் அம்மா தன் அம்மா அல்ல என்றும் பதில் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவளே நம்பவில்லை என்பதுதான் உண்மை.

கூட்டம் முடிந்து எல்லோரும் எள்ளுருண்டைத் தட்டைச் சூழ்ந்துகொண்டபோது, சௌயிங் மகளின் கையைப் பிடித்துத் தேநீர் போடும் சின்ன அறைக்குள் அழைத்துப் போனாள். கதவைச் சாத்தினாள். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து மேடிறங்கி வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தாள். உனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். அதுதான் முதல் வாக்கியம்.

முதலில் தேநீர் ஊற்றினாள்.

"வேணாம்மா" என்றாள் மேவிஸ். "இப்ப டீ குடிக்கறதில்ல."

சௌயிங் நிமிர்ந்து பார்த்தாள். முகம், கழுத்து, தொளதொளவென்ற சட்டை. பல வருடம் அடுத்தவர் உடம்புக்கு அளவு பார்த்துத் தைத்தவளின் கண் அது.

மேவிஸின் தாய்மொழி ஏழு வயதில் நின்றுபோன மொழி. சோறு, தண்ணீர், வலிக்குது, வேண்டாம், இவ்வளவுக்கும் அவளிடம் சொல் உண்டு. பெரிய விஷயங்களுக்குச் சொல் கிடையாது. 

"உள்ள பாப்பா இருக்கு" என்றாள். "நாலு மாசம்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "போன வருஷம் ஒண்ணு வந்துச்சு. இருக்கல. போயிருச்சு. அதுக்கு முன்னாடியும் ஒண்ணு. உன்கிட்ட சொல்லல" என்றாள்.

இரண்டு போய்விட்டன. அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமாவது அழுதாளா, அந்த வெள்ளைக்கார மாப்பிள்ளைக்கு சூப் வைத்துக் கொடுக்கத் தெரியுமா, தெரியாது. மகள் இங்கே அரைமணி நேரத் தூரத்தில் படுத்துக் கிடந்திருக்கிறாள், இவள் அவள் புத்தகத்தைக் கறிக்கடையில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாய்வரைக்கும் வந்திருந்த அந்த முதல் வாக்கியம் அங்கேயே நின்றது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் காதில் செத்த பிள்ளையின் பேச்சை யாராவது போடுவார்களா? கத்தரிக்கோலைக்கூட அவள் கட்டிலில் வைக்க மாட்டார்கள், சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். அதிலும் இவள், ஏற்கனவே இரண்டைப் பறிகொடுத்தவள். சௌயிங் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் மேவிஸ். "கோபமில்ல. சும்மா தெரிஞ்சுக்கணும். ஏன் என்னை அப்படிக் கூப்பிட்ட?"

எத்தனை வருடமாக அந்தக் கேள்வி உள்ளே இருந்ததோ, கேட்டவுடன் கண் கலங்கிவிட்டது. சௌயிங்குக்கு அப்போதே அவளைக் கட்டிக்கொண்டு, அடி பைத்தியமே, உன்னை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்றுதானடி, என்று கதற வேண்டும் போலிருந்தது.

"நீ சின்னதுல ரொம்ப பயப்படுவ" என்றாள். "இருட்டுன்னா பயம். நாய்னா பயம். அதான்."

மேவிஸ் தலையை ஆட்டினாள். ஒன்றரை வருடமாக வெள்ளைக்காரர்களிடம், அது கதைதான், கதைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அது உண்மைதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 

"சரிம்மா. பரவாயில்ல. ஆனா இத மட்டும்..." வயிற்றில் கை வைத்தாள். "இத அப்படிக் கூப்பிடாத. நல்ல பேரு வச்சுக் கூப்பிடு. சத்தியமா?"

நல்ல பெயர். எல்லோருக்கும் கேட்கும்படி, எங்கே இருக்கிறது எங்கே இருக்கிறது என்று தேடி வருவதற்கும் கேட்கும்படி.

"சரி" என்றாள் சௌயிங்.

கதவைத் தட்டிவிட்டு க்வான் தலையை நீட்டினார். பின்னால் ஹோய்சிங் நின்றார். மேவிஸ் அப்பாவிடமும் அதே சின்னச் சொற்களில் செய்தியைச் சொன்னாள். ஹோய்சிங்குக்கு இந்தத் தடவை நன்றாகவே காது கேட்டது. மகளைப் பார்க்காமல் மனைவியைத்தான் முதலில் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது உலகத்தில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிட்டாயா என்று கேட்டது அது. இல்லை என்று அவள் தலையை இலேசாக அசைத்தாள். அவர் மகளின் தோளைத் தட்டி, சாப்பிடு, நல்லாச் சாப்பிடு என்றார்.

க்வானுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாசகர்களும் கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்றார். வாரம் நாற்பது கடிதமாவது வருகிறது, ஒன்றையும் விடுவதில்லை, ஒவ்வொரு திங்கட்கிழமை சாயங்காலமும் தொலைபேசியில் மேவிஸுக்கு ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் படித்துச் சொல்கிறேன், நல்லதாக ஒன்றை எடுத்து ஏழாம் பக்கத்திலும் போடுகிறோம் என்றார்.

"ஒரு வரிகூட விடமாட்டேன், அம்மா. அப்படியே சொல்லிடுவேன்."

சௌயிங் தன் கடிதத்தை நினைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு அடிக்கப் பத்து நிமிடம். தபால் பெட்டியின் நெற்றியில், சனிக்கிழமை கடிதம் எடுப்பது நான்கு மணி என்று ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்தது.

*

அறுபத்திரண்டு வயதில் அந்த மேட்டில் யாரும் ஓடமாட்டார்கள். சௌயிங் ஓடினாள். மீன்கடை வாசலில் ஈரம் வழுக்கியது. கீரைப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவர் ஏதோ சொன்னார். கடவுளே, தபால் வண்டி இன்னும் வந்திருக்கக் கூடாது, வந்திருக்கக் கூடாது.

வண்டி நின்றிருந்தது. தபால்காரர் மண்டியிட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து, கடிதங்களைச் சாக்கில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல உயரம், சாம்பல்நீலச் சீருடை, தோளில் ஒரு முத்திரை.

"லெட்டர்" என்றாள் மூச்சு வாங்க. தையல் ஆலையில் கற்ற ஆங்கிலம் மொத்தமும் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது. "லெட்டர். ப்ளீஸ்."

அவர் நல்ல மனிதர்தான். பெட்டிக்குள் விழுந்தது அரசாங்கத்துடையது, எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். இந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். சாக்கின் வாயை விரித்து, எது என்று கேட்டார். அவள் விரலால் காட்டினாள், மேலேயே கிடந்தது. எடுத்தார். விலாசத்தைப் பார்த்தார், திருப்பினார். பின்பக்கத்தில் இருந்த சீன எழுத்துகளின்மேல் அவர் கட்டைவிரல் பட்டிருந்தது. ஒளியின்மேல் இல்லை, முத்தின்மேல்.

எழுந்து நின்றார். நின்றவுடன் அவர் உயரம் இன்னும் கூடிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வழக்கமாகக் கேட்க வேண்டியதைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"இது உங்களோடதாம்மா?"

சீருடை. தாள். கேள்வி.

"இல்லை" என்றாள் சௌயிங்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கடிதத்தைச் சாக்கில் போட்டார். கயிற்றை இழுத்து முடிந்தார். வண்டி ஸ்டாக்டன் தெருப் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. கையை நீட்டியபடியே நின்றாள். கீழே நூலகத்துப் பக்கமிருந்து மேவிஸ் மேட்டில் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தாள், ஒரு கை வயிற்றில். அம்மா ஓடியதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள்.